பலூன் வீணைக்கு நாலடி

உமாசுதனும் நானும் சிட்னியில், கிரவீனில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கிழமை நாட்களில் அவனுக்குக் கோழித் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறுகளில் விழா மண்டபங்களில் பலூன் முறுக்குவான். நாய், பூ, கிரீடம் என்று தொடங்கியவன் இப்போது வீணை வரைக்கும் வந்துவிட்டான். படகில் வந்து பதின்மூன்று வருடமாகிறது. இன்னும் தற்காலிக விசாதான். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். இதை மழை பெய்கிறது என்பதுபோலச் சொல்வான். எனக்குத்தான் கோபம் வரும்.

போன மாதம் கிளிநொச்சியில் பெரியபிள்ளையான அவனுடைய மகள் தாரிணிக்குச் சாமத்தியச் சடங்கு. அவன் விட்டு வந்தபோது அவளுக்குப் பத்து மாதம். ஆல்பத்தில் தகப்பன் இல்லாமல் எப்படி? வெளிநாட்டுத் தகப்பன்மாரை ஒட்டிவைப்பதில் அங்குள்ள ஸ்டூடியோக்காரர்கள் கெட்டிக்காரர்கள். பிள்ளையின் தோளில் கை வைத்த மாதிரி, வேட்டி சட்டையோடு ஒரு முழுப்படம் வேண்டும் என்று மனைவி தவநாயகி கேட்டிருந்தாள். படம் அனுப்பக் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை.

அன்றைக்குப் பிளாக்டவுனில் இன்னொரு பிள்ளையின் சாமத்தியம். மேடைக்கு வீணை கேட்டிருந்தார்கள். குடத்துக்கு உருண்டைப் பலூன், தண்டுக்கு நீளப் பலூன்கள், தந்திக்குக் காற்றடிக்காத பலூன்களை இழுத்துக் கட்டினான். சுண்டினால் 'டும்' என்றது. ஆட்கள் வருமுன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, வெறுங்காற்றில் கையை வைத்தான். நான் படமெடுத்து அனுப்பினேன்.

தவநாயகி உடனே அழைத்தாள். "கையை எங்க வைச்சிருக்கிறியள்? அது அஞ்சு வயசுப் பிள்ளைக்கு. இவள் வளந்திட்டாள்."

தினமும் வீடியோவில் பார்க்கிறவன்தான். திரையில் முகம் மட்டும்தானே தெரியும்.

"தோள் எத்தினை அடியில வருது?" என்று கேட்டான்.

"நாலடி இருக்கும்."

"உனக்கு மனசுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டேன்.

"முந்திச் செய்தது. இப்ப ஒண்டும் வரேல்லை."

கையை அந்தரத்தில் வைத்தால் ஆடுகிறது என்று வீணையை நிமிர்த்திப் பக்கத்தில் நிறுத்தினான். இடுப்பளவுதான் வந்தது. பம்பை எடுத்து இன்னும் சில பலூன்களுக்குக் காற்றடித்து, தண்டின் நுனியில் ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தான். ஒவ்வொரு முடிச்சுக்கும் அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தான். நாலடி வந்ததும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். எடுத்தேன். பிறகு சேர்த்ததைக் கழற்றிவிட்டு வீணையை மேடையில் வைத்தான்.

இரண்டு கிழமையில் ஆல்பப் படம் போனுக்கு வந்தது. வீணை நின்ற இடத்தில் பட்டுச்சேலையோடு தாரிணி. தகப்பனின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. பொய் சொல்வானேன், வலு வடிவாக இருந்தது.

தவநாயகி அழைத்தாள். "எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரியிறாள். அப்பா என்னையேதான் பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு சொல்லுறாள்."

"ஓம்," என்றான் உமாசுதன்.

போனை வைத்த பிறகு என்னைப் பார்த்தான்.

"வீணையில மேல் முடிச்சு கழலப் பாத்தது. நான் அதைத்தான் பாத்தனான்."