ஒரத்தநாடு பஸ்ஸில் ஒரு தவளைக் குரல்

மூணு வருஷத்துக்கு முன்னால ஒரத்தநாடு பக்கம் ஒரு வாய்க்கால்ல ஆராய்ச்சிக்காக நான் பிடிச்ச தவளையோட மரபணுச் சோதனை முடிவு இன்னைக்குக் காலைல வந்தது. பார்க்க வழக்கமான வயல் தவளைதான். ஆனா இனமே வேறயாம், இதுவரை யாரும் பதிவு பண்ணாத புது இனம்.

சந்தோஷப்பட முடியல. அது கத்துறதை அப்பவே பதிவு பண்ணியிருந்தேன். போன்ல இடம் பத்தலைன்னு, "சாதாரணத் தவளைதானே"ன்னு நானே அழிச்சுட்டேன்.

திரும்பத் தேடலாம்னு பஸ் ஏறினா, அன்னைக்கு வாய்க்காலைக் காட்டின செல்வி அக்கா பக்கத்து சீட்ல. நடவு வேலை முடிஞ்சு வர்றாங்க. விஷயத்தைச் சொன்னேன்.

"அது வேறன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா. நீங்கதான் சிரிச்சீங்க."

"இப்பவும் கத்துதாக்கா?"

"கரை ரெண்டும் சிமெண்ட் போட்டுட்டாங்க. அப்புறம் ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு. சத்தமே இல்ல."

"எப்படிக் கத்தும்?"

அக்கா வெக்கத்துல முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு கத்திக் காட்டினாங்க. பஸ்ஸே சிரிச்சது. நான் போனை எடுத்து, "இன்னொரு தடவைக்கா"ன்னேன்.

அந்த இனத்துக்கு இப்போ இருக்கிற ஒரே குரல் பதிவு அதுதான். நடுவுல கண்டக்டர் விசிலும் இருக்கு.

கீழ போட்டிருக்கேன். உங்க ஊர் வாய்க்கால்ல இந்தச் சத்தம் கேட்டா சொல்லுங்க. இந்தத் தடவை சிரிக்க மாட்டேன்.