நாற்பது கெட்ட வார்த்தைகள்

எங்கள் பக்கத்து வீட்டு யோகலட்சுமிக்குக் கெட்ட வார்த்தை பார்ப்பதுதான் வேலை. சிரிக்காதீர்கள், மாதச் சம்பளம் வருகிற வேலை. சென்னையில் ஸ்பானிஷ் படித்தவள், கத்தலான் மொழியும் தெரியும். பார்சிலோனாப் பக்கத்து ஆட்கள் இணையத்தில் எழுதுவதை இங்கே மேலகரத்து வீட்டிலிருந்தே வாசித்து, ஆபாசமானதை நீக்க வேண்டும்.

ஒரு வினைச்சொல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஆணும் பெண்ணும் கூடுவதைப் பச்சையாகச் சொன்ன ஒரு லத்தீன் சொல், ஸ்பானிஷில் 'ஹோதேர்' என்றும் கத்தலானில் 'ஃபோத்ரா' என்றும் இன்னும் உயிரோடிருக்கிறது. கத்தலான்காரர்கள் அதை வைத்தே அடிக்கிறார்கள், எறிகிறார்கள், கேலி செய்கிறார்கள், சாப்பிடவும் செய்கிறார்கள். யோகலட்சுமி இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. கண்ட இடத்திலெல்லாம் நீக்கினாள்.

கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவர் போட்ட படத்துக்குக் கீழே கூட்டாளிகள் அந்தச் சொல்லை வைத்துக் கேலியாக எழுதிய நாற்பது வரிகளும் அப்படித்தான் போயின. "என்னைப் பார்க்க வந்தவர்களை விரட்டிவிட்டீர்கள்" என்று அவர் புகார் எழுதினார். மாலைக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை என்றார் மேலாளர். இவளோ, விதிப்படிதானே செய்தேன் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அவள் கணவன் குத்தாலிங்கம் தொங்கிப்போன முகத்தோடு வந்தான். குற்றாலத்தில் வேன் ஓட்டுபவன். ஐந்தருவி ஸ்டாண்டில் கூட வேன் ஓட்டும் ஆவுடைநாயகத்தின் முறையை மீறிச் சவாரி ஏற்றிவிட்டானாம்.

"ஆவுடைநாயகம் என்னைய 'வாங்க சார்'ங்கான்ட்டி."

"மரியாதையாத்தான சொல்லியிருக்காக?"

"இருவது வருசமா எங்க அம்மைய இழுக்காம அவன் எங்கிட்டப் பேசினதே கெடையாது. ஏசக்கூட வேண்டாம்னு ஒதுக்கிட்டாம்ட்டி." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

எங்கள் ஊர் டிரைவர்களுக்குள் அப்படித்தான். உறவு அறுந்தால்தான் மரியாதை வரும். யோகலட்சுமி கம்ப்யூட்டரைத் திறந்து, 'சொல்லைப் பார்த்தேன், சொன்னவர்களைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. நாற்பதையும் திரும்பப் போடுங்கள்' என்று எழுதி அனுப்பினாள்.

வேலை தப்பியது. மறுநாள் காலையிலேயே கணவனை இழுத்துக்கொண்டு ஆவுடைநாயகம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்க புண்ணியத்துலதான் அண்ணாச்சி எனக்கு வேல தங்குச்சு. இவுக செஞ்சது தப்பு. நல்லா ஏசிருங்க."

"நீ இருக்கும்போது எப்பிடித் தங்கச்சி?"

"பரவால்ல, ஏசுங்க."

ஆவுடைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு ஆரம்பித்தார். குத்தாலிங்கத்தின் ஏழு தலைமுறையும் தெருவுக்கு வந்தது. அவன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். யோகலட்சுமி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவர் ஏசி முடிக்கும்வரை கைகூப்பியபடியே நின்றாள்.