மும்தாஜ் அக்காவின் மூலை ஒட்டு

போன வாரம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை. மெக்கானிக் வந்தார், கதவைச் சுற்றியிருந்த பழைய சீல் பட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டினார், போய்விட்டார். பிடுங்கிப் போட்டதை எடுத்து மோந்து பார்த்தேன். இப்போதெல்லாம் சீலில் ரப்பரே கிடையாது, பிளாஸ்டிக் வாடைதான். மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இப்படிப்பட்ட ஆளோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்துவது லேசில்லைதான்.

தேனியிலிருந்து போடி போகிற ரோட்டில், இந்த மாதிரி சீல் செய்கிற, தகரக் கூரை போட்ட ஒரு ரப்பர் கம்பெனியில்தான் நான் முதலில் வேலை பார்த்தேன். முறுக்கு பிழிகிற மாதிரிதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வரும் ரப்பரில் மருந்தைக் கலந்து மிஷினில் விட்டால், அச்சு என்ன வடிவமோ அதே வடிவத்தில் நீளமாக வெளியே வரும். பஸ் ஜன்னலுக்கு ஒன்று, ஏலக்காய் ஸ்டோர் கதவுக்கு ஒன்று. அதை நீராவியில் வேகவைக்க வேண்டும். வெந்துவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. நகத்தால் அமுக்கினால் தடம் உடனே மறைய வேண்டும். சூப்பர்வைசர் என்று பேர். தகுதி அந்த நகம்தான்.

வெந்ததை வெட்டி, நாலு மூலையும் சூடு வைத்து ஒட்டுவது மும்தாஜ் அக்கா. உத்தமபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் ஒட்டின இடம் விரலுக்குத் தட்டுப்படாது.

சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் திராட்சை வைக்கிற குளிர் அறைக்குச் சீல் கேட்டிருந்தார். அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்தது. நீராவி பாதியில் இறங்கிவிட்டது. நகத்தை வைத்தேன், தடம் அப்படியே நின்றது. வாசலில் அவருடைய வேன் காத்திருந்தது. "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அக்கா ஒட்டிக் கொடுத்தார்.

பத்தே நாளில் அவர் அந்தச் சீலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தட்டையாகிக் கிடந்தது. இடுக்கு வழியாக வெக்கை புகுந்து உள்ளே இருந்த பழமெல்லாம் பூசணம் பூத்துவிட்டதாம். சத்தம் போடவில்லை அவர். "கொடியிலயே விட்டுருந்தாக்கூட நாலு நாள் நின்னுருக்கும்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "மூலை விட்டுருச்சோ?"

"ஆமாங்க, ஒட்டுதான் சரியில்ல போல."

அந்தப் 'போல' சேர்த்தால் பாவம் பாதி குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

மறுநாளிலிருந்து அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஏழெட்டு வருஷம் கழித்து உத்தமபாளையத்தில் அவர் வீட்டைத் தேடிப் போய், நடந்ததைச் சொன்னேன். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"வெட்டும்போதே தெரிஞ்சுச்சு தம்பி, வேகலன்னு. நீங்க சரின்னுட்டீக, நானும் ஒட்டிட்டேன். அதுல எனக்கும் பங்கு உண்டு. ஆனா மொதலாளி கேட்டாக பாருங்க, அப்ப ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு நெனச்சேன்."

பிறகு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்து பஸ் ஏறினேன்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். அச்சுகளெல்லாம் இரும்புக் கடைக்குப் போயின. முதலாளி காலமாகிவிட்டார். சுருளிப்பட்டிக்காரர் திராட்சையை விட்டு வாழை போட்டார், பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். மும்தாஜ் அக்கா குமுளியில் மகளோடு இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நடந்தது தெரிந்த ஆள் இனி நான் ஒருவன்தான்.