படகு அக்காவும் இருபது வெள்ளைச் சட்டைகளும்

படகு அக்கா என்றால் ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். நகராட்சியில் எழுத்தர் வேலை. ஞாயிறு விடிந்தால் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுப்பாள். இளசுகள் போதைப் பக்கம் போகாமல் இருக்க அரசு நிதியில் நடக்கும் திட்டம் அது. பெற்ற பிள்ளை இல்லாத அவள், அந்த இருபதையும் தன் வயிற்றில் பிறந்ததாகவே நினைத்தாள். இந்த வருடம் ஆய்வுக்கு வரும் அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் திட்டம் தொடரும். இல்லையென்றால் படகுகள் ஏலத்துக்குப் போய்விடும்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் தையல்காரக் கணவன் முன்னால் போய் நின்றாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள இருபது வெள்ளைச் சட்டை வேணும்."

"ஏன், இருபது பேருக்கும் கல்யாணமா?"

"அதிகாரி வர்றாரு. இதுங்க வழக்கமா வர்ற கோலத்தைப் பார்த்தா மனுஷன் திரும்பி ஓடிடுவாரு."

ஞாயிறன்று இருபது பேரும் தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். அதிகாரி இரண்டு முறை சுற்றிவந்தார்.

"ரொம்ப ஒழுக்கமான பசங்களா இருக்காங்களேம்மா. இது தடம் மாறக்கூடிய பசங்களுக்கான நிதி. இவங்களுக்கு எதுக்கு?"

அக்காவின் தலையில் இடி இறங்கியது. படகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அதைப் பார்த்து ஒல்லிக்குச்சி என்ற பையன் முன்னால் வந்தான்.

"சார், நான் ரொம்ப மோசமானவன். எங்க தெருவுல வேணா கேட்டுப் பாருங்க."

"இவனா மோசம்? என்னைவிடவா?" என்றாள் பக்கத்தில் நின்ற இரட்டைச் சடைக்காரி.

"நான் நேத்துகூட குடிச்சேன் சார்," என்றது பின்வரிசை.

"என்னடா குடிச்ச?" என்றார் அதிகாரி.

"இருமல் மருந்து. டாக்டர் குடுத்தாரு."

அதிகாரி கையிலிருந்த ஃபைலை மூடினார். "எல்லாரும் இவ்வளவு மோசம்னா, திட்டத்தால ஒரு பயனும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சார், சட்டையும் பொய், இதுங்க சொல்றதும் பொய். ஆனா இந்த ஒல்லிக்குச்சி போன வருஷம் பாலத்துக்கு அடியில போதைக்காகப் பசையை மோந்துக்கிட்டுக் கிடந்தான். அது நிஜம். அடுத்த வாரம் சொல்லாம வந்து பாருங்க."

அதிகாரி அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கே வந்தார். கிழிந்த பனியனும் கலைந்த தலையுமாக இருபது பேரும் அவருக்கு முன்பே வந்திருந்தார்கள். ஒல்லிக்குச்சி ஒரு குவளையை அவரிடம் நீட்டினான்.

"கடைசியா வர்றவங்கதான் படகுத் தண்ணிய இறைக்கணும் சார்."

"நான் ஆய்வுக்கு வந்திருக்கேன்ப்பா."

"அக்கா லேட்டா வந்தா அக்காவே இறைப்பாங்க சார்."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்கா ஆகாயத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு இரண்டாவது படகில் இறங்கினார். அரை மணி நேரம் இறைத்தும் தண்ணீர் குறைந்தபாடில்லை.

"நேத்து ராத்திரி எங்கடா போயிருந்த?" என்று ஒல்லிக்குச்சியிடம் மூச்சு வாங்கக் கேட்டார்.

"எங்க போறது? ஒன்பது மணிக்கே படுத்துட்டேன் சார். லேட்டானா இந்தக் குவளை என் கைக்குத்தானே வரும்."

அதிகாரி இறைப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். பிறகு ஈரக் கையோடு படிவத்தை எடுத்து எழுதினார்: 'திட்டம் தொடரலாம். இரண்டாவது படகில் ஓட்டை உள்ளது. அதை அடைக்கவும் நிதி ஒதுக்குக.'

அக்கா அதைப் படித்துவிட்டு ஓவென்று அழுதாள். திட்டம் போய்விட்டது என்று நினைத்து இருபது பேரும் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள்.