சமதரை என்று எழுதிய வீடு

அந்த வாரம் குடாநாட்டில் நிலம் இலேசாக அதிர்ந்தது. எங்கள் வீட்டு அலுமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். அடுத்த வாரமே, நிலநடுக்கம் வந்தால் மண்சரிவு ஏற்படக்கூடிய இடங்களை மதிப்பிட ஒரு குழு வந்து இறங்கியது. செய்தி எழுத நானும் அவர்களுடைய வான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

மதிப்பிடும் முறை மிகவும் எளியது. படிவத்தின் முதல் கேள்வி: வீடு மலைச்சரிவில் உள்ளதா? 'இல்லை' என்றால் நடுப்பக்கங்கள் எதுவும் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் கையொப்பம். காலைத் தேநீருக்கு முன்பே வலிகாமம் வடக்கில் ஓர் ஒழுங்கையின் இருபக்கத்து வீடுகளும் பாதுகாப்பானவையாகிவிட்டன. வானிலிருந்து யாரும் இறங்கவில்லை.

கடைசிக் காணிக்காரப் பெண் படலையைத் திறந்துகொண்டு வந்து வானை மறித்தார். நெடுங்கால இடப்பெயர்வுக்குப் பின் சொந்தக் காணிக்குத் திரும்பி, ஒழுங்கையோரத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டு இருந்தவர். அவர் இல்லாத காலத்தில் பின்வேலிவரை சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்திருந்தார்கள். வேலிக்கு அப்பால் நிலம் செங்குத்தாக, கல் தோண்டிய பள்ளமான கிடங்கில் இறங்கியது. அரச வீட்டுத்திட்டத்தில் அவருக்குக் கட்டவிருந்த வீட்டின் அத்திவாரத்துக்குக் கயிறு கட்டியிருந்ததும் அந்தப் பக்கம்தான். அதிர்வுக்குப் பிறகு கயிற்றை ஒட்டி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வீட்டை ஒழுங்கைப் பக்கம் மாற்ற, ஆபத்து என்று ஓர் அறிக்கை வேண்டும். திங்கட்கிழமை மேசன்மார் வருகிறார்கள்.

"தம்பி, பின்னுக்கு வந்து ஒருக்காப் பாருங்கோ."

"அக்கா, இஞ்சை மலை எங்கை கிடக்கு? பேரிலை மட்டும் மலை இருக்கிற கீரிமலையையோ சொல்லுறியள்?" என்றார் இளம் உத்தியோகத்தர். வானுக்குள் சிரித்தார்கள்.

"மலை இல்லைத் தம்பி. கிடங்கு."

"கிடங்குக்குப் படிவத்திலை இடமில்லை."

அதிர்வு வந்தால் செங்குத்தாக வெட்டிய கல்சுவர் விளிம்போடு பெயரும். நீ மலையா, கிடங்கா என்று அதிர்வு விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை, தெரியாமலிருக்கத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

கடைசியில் உத்தியோகத்தர் சலிப்போடு இறங்கினார். அந்தப் பெண் கிணற்றுக் கயிற்றில் வாளியைக் கட்டி, வேலியிலிருந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் புகுந்து, விளிம்பில் நின்று கிடங்குக்குள் இறக்கினார். கயிறு முடிந்தது. வாளி அடியைத் தொடவில்லை.

"ஐயோ அக்கா, விளிம்புக்குப் போகாதேங்கோ! ஆபத்து!" உத்தியோகத்தர் கத்தினார்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் இப்ப சொன்ன உதைத்தான் எழுதுங்கோ தம்பி."

உத்தியோகத்தர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். 'சமதரை' என்று எழுதி, கடைசிப் பக்கத்தில் கையொப்பம் வைத்தார்.

நான் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் குழு வந்துபோனது மட்டும் வந்தது.

வீடு கயிறு கட்டிய இடத்திலேயே கட்டி முடிந்தது. திறப்புவிழாவுக்கு வந்தவர்கள் முன்வாசலில் நின்று படம் எடுத்தார்கள். பின்பக்கம் ஒருவரும் போகவில்லை. சென்ற மாதம் அந்த வழியால் போனேன். புதுவீட்டு அறைகளில் வெங்காயப் பிடிகள் தொங்கின. அந்தப் பெண் இன்னும் ஒழுங்கையோரத்துத் தகரக் கொட்டிலில்தான் சமைக்கிறார், படுக்கிறார்.

"வெங்காயத்துக்கு நல்ல வீடு," என்றார்.