கூட்டி எழுதிய மூன்று வயது

ஒரு பெண் பிள்ளையின் வயதை நான் பொய்யாகக் கூட்டி எழுதினேன். பிறகு, அந்தப் பொய்யே உண்மை என்று அவள் முகத்துக்கு நேராகச் சாதித்தேன். இரண்டில் எது பெரிய குற்றம்? நீங்களே சொல்லுங்கள்... என்னைத் தின்பது இரண்டாவதுதான்.

1984. மம்சாபுரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியர். ஏழாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அதில் பெண்கள் பதின்மூன்று. செல்லக்கனி கணக்கில் முதல். அவள் அப்பா இறந்த இருபத்திரண்டாம் நாள், அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"ராஜபாளையத்து மில்லுல பிள்ளைய எடுத்துக்கிடுதாகளாம் சார்வாள். பதினஞ்சு வயசு ஆயிருக்கணுங்காக. ஒரு மூணு வயசக் கூட்டிப் போட்டு டி.சி. குடுத்துருங்க. பெரியவன் படிப்பு நிக்கக் கூடாதுல்லா?"

பெரியவன் மாரிச்சாமி. எங்கள் பள்ளியில் எட்டு முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்பதாவது படித்தான். படிப்பு சுமார்தான். அவனை நிறுத்தலாமே என்று அந்தத் தாய்க்குத் தோன்றவில்லை. அவரை விடுங்கள்... படித்தவன் எனக்கும் தோன்றவில்லையே!

செல்லக்கனி மேசையோரம் நின்றாள். "எட்டாப்பு மட்டும் முடிச்சிட்டுப் போறேனே சார்..."

"எட்டாப்பு முடிச்சா மில்லுல உனக்கு நாற்காலி போட்டா உக்கார வைக்கப் போறாக?" என்றேன். அவள் அம்மாகூடச் சிரித்தார்.

சேர்க்கைப் பதிவேட்டில் 1972 என்பதை 1969 ஆக்கினேன். எண்ணால் ஒருமுறை, எழுத்தால் ஒருமுறை. மாற்றுச் சான்றிதழிலும் அப்படியே. மொத்தம் நான்கு இடங்கள். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். இல்லை... நினைக்கவே இல்லை என்பதுதான் சரி.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவள் வந்தாள். மில்லில் ஷிப்டு மாறி மாறி உழைத்துக்கொண்டே, தனித்தேர்வராக எட்டாவதும் பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறியிருந்தாள்! நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வயது வரம்பு உண்டு. அவளுடைய உண்மையான வயது அதற்குள் இருந்தது. நான் எழுதிய வயது தாண்டிவிட்டது. பதிவில் பிழை என்று நான் எழுதிக் கொடுத்தால் திருத்த வழி பிறக்கும். ஆனால் விசாரணை வரும். ஓய்வு பெற எனக்கு இன்னும் ஏழு மாதம், பதினொரு நாள்.

"பதிவேட்டுல என்ன இருக்கோ, அதுதாம்மா உன் வயசு."

"நீங்க மாத்தி எழுதையில பக்கத்துலதான சார் நின்னேன்?"

"சின்னப் பிள்ளை நீ. என்னத்தக் கண்ட?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காயிதப்படி எங்க அண்ணனுக்கு நான் அக்கா சார்! அவன் எழுபதுல பொறந்ததா அதே பதிவேட்டுல இருக்கும், பாருங்க. தம்பியவா இம்புட்டு நாளும் அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டுத் திரியுதேன்?"

நான்கு இடங்களைத் திருத்தியவன் ஐந்தாவதை மறந்திருக்கிறேன்! அவள் பக்கம் பேச அந்த ஒரு வரிதான் இருந்தது. ஆமாம் என்று தலையசைத்திருந்தால் போதும்...

"அப்ப உங்க அண்ணன் வயசைத்தான் தப்பா எழுதியிருக்கும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "ஷிப்டுக்கு நேரமாச்சு. வாரேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஏழு மாதங்கள் கழித்து எனக்கு மாலை போட்டார்கள். ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேருமே அப்பழுக்கற்ற பணி என்றார்கள். மறுத்தேனா? கைகூப்பி நின்றேன்!

கடைசியாக அவளைக் கண்டது 1999 ஜூன் மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில். இன்னும் அதே மில்தான். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். ஒதுங்கப் பார்த்தேன்; அவளாகவே வந்தாள்.

"நல்லா இருக்கீகளா சார்?" அதே மரியாதை. பையிலிருந்து, பிளாஸ்டிக் உறை போட்ட, மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். "பொறந்த வாரமே நகராட்சியில பதிஞ்சு வாங்கிட்டேன் சார். இதுல யாரும் கை வைக்க முடியாதுல்லா?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள்... என்னிடம்!

"முடியாதும்மா" என்றேன். தேதியைச் சரிபார்க்கும் பழக்கத்தில் கை தானாக நீண்டது.

அவள் தரவில்லை.