நடு நெஞ்சு

கெலிஓயாவில் நான் உயிரியல் படிப்பித்த காலத்தில், "இதயம் எங்கே?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் இடது மார்பைத் தொடும். நெஞ்செலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது, நுனிதான் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன்.

வீட்டில் அந்தப் பாடம் எடுபடவில்லை. ஒரு காலை என் கணவர் நடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இஞ்சி போட்ட பிளேன்டீ கேட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வயித்துக் கேஸ்தான். நடுவுலதானே வலிக்குது? இதயம் இடது பக்கத்துல இருக்கு" என்றார்.

"இஞ்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம், எந்திரிங்க" என்று த்ரீவீலில் ஏற்றிக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் பிளேன்டீயைப் பற்றியே முணுமுணுத்தார். மாரடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டார்.

இப்போது பார்க்க வருகிறவர்களையெல்லாம் கதிரையில் உட்காரவைத்து, தன் நெஞ்சின் நடுவில் தட்டிக் காட்டுகிறார்.

"எல்லாரும் இடது பக்கம்னு நெனைக்கிறாங்க. இங்கதான் இருக்கு. டாக்டர் சொன்னாரு."

அவர்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீயை நான் கொண்டுவந்து வைக்கிறேன்.